வலெட்டாவைச் சிறு குழுவோடு நடந்து பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மால்டாவின் தலைநகரான வலெட்டா ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத ஊர். நகர வாசலிலிருந்து கடல்முனையில் நிற்கும் புனித எல்மோ கோட்டை வரை நேராக நடந்தால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். குறுக்கே நடந்தால் அதில் பாதிக்குச் சற்று மேல். தெருக்கள் எல்லாம் கோடு போட்டது போல நேர்நேராக வெட்டிக்கொள்கின்றன. வழி தவறினாலும் ஏதோ ஒரு பக்கம் கடல் வந்து தடுத்துவிடும். ஆங்கிலம் ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் பெயர்ப்பலகை படிக்கவும் சிரமமில்லை. இப்படிப்பட்ட ஊரைச் சுற்றிப் பார்க்க கைடு எதற்கு, அதற்கு யூரோவில் காசு எதற்கு என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

கைடு வேண்டியிருப்பதற்குக் காரணம், இந்த ஊர் வெளியே எதையும் காட்டிக்கொள்வதில்லை. மஞ்சள் சுண்ணாம்புக்கல்லில் அலங்காரம் அதிகமில்லாத சுவர்கள், மூடிய மரப் பலகணிகள், கோட்டை போல விறைத்து நிற்கும் தேவாலய முகப்பு. உள்ளே போனால்தான் பொன்னும் பளிங்கும். உள்ளே போனாலும், எதன் முன் நிற்கிறோம் என்று தெரியாவிட்டால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவோம். கடற்காட்சிக்குக் கைடு தேவையில்லை, அதை நம் கண்ணே பார்த்துக்கொள்ளும். கல் பேசாத மூன்று நான்கு இடங்களில் பேசுவதற்குத்தான் ஆள் வேண்டும். சுற்றுலாவைத் தேர்ந்தெடுப்பதும், நாளை வகுப்பதும், எங்கே நின்று கேட்பது, எங்கே கழன்றுகொள்வது என்பதும் இதை வைத்தே முடிவாக வேண்டும். இந்த வழிகாட்டியும் அந்தக் கணக்கில்தான் போகிறது.

1. போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய கதை

ஒரு பக்கம் படித்துவிட்டுப் போனால் போதும். இதுகூடத் தெரியாமல் போனால் கைடு முதல் அரைமணி நேரத்தை இதற்கே செலவழிப்பார்.

புனித யோவான் சபை என்பது சிலுவைப்போர்க் காலத்தில் ஜெருசலேமில் நோயாளிகளைப் பராமரிக்கத் தொடங்கி, பிறகு வாளும் ஏந்திய துறவிகள் கூட்டம். ஐரோப்பியப் பிரபுக் குடும்பங்களின் பிள்ளைகள்தான் இதில் வீரத்துறவிகள் ஆனார்கள். ரோட்ஸ் தீவை ஒட்டோமான் பேரரசிடம் இழந்தபின் இடமில்லாமல் அலைந்த இவர்களுக்கு 1530-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மால்டாவைக் கொடுத்தார். வாடகை, ஆண்டுக்கு ஒரு வல்லூறு.

1565-இல் சுல்தான் சுலைமானின் படை கடல் வழியே வந்து தீவை முற்றுகையிட்டது. அப்போது வலெட்டா என்ற ஊரே இல்லை. ஷிபெராஸ் என்ற வெறும் பாறைக்குன்று, அதன் நுனியில் புனித எல்மோ என்ற சின்னக் கோட்டை, அவ்வளவுதான். சில நாளில் விழுந்துவிடும் என்று ஒட்டோமான் தளபதிகள் நினைத்த அந்தக் கோட்டை ஏறக்குறைய ஒரு மாதம் தாக்குப்பிடித்து ஜூன் 23 அன்று வீழ்ந்தது. புகழ்பெற்ற கடற்படைத் தலைவர் துர்குத் ரைஸ் அந்தத் தாக்குதலில்தான் காயம்பட்டு இறந்தார். அங்கே இழந்த நாட்களை ஒட்டோமான் படையால் பிறகு மீட்க முடியவில்லை; செப்டம்பரில் முற்றுகை முறிந்தது.

வென்ற சபையின் தலைவர், அதாவது கிராண்ட் மாஸ்டர், ழான் தெ லா வலெத், இனி இந்தக் குன்றை வெறுமனே விட்டுவைக்கக் கூடாது என்று முடிவு செய்தார். 1566 மார்ச் 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. திருத்தந்தை பணமும் தந்து, பிரான்செஸ்கோ லாபரெல்லி என்ற பொறியாளரையும் அனுப்பினார். அவருக்குப் பின் ஜிரோலமோ கசார் என்ற மால்டாக்காரர் கட்டடங்களை எழுப்பினார். வலெத் 1568-இல் இறந்துவிட்டார். தன் பெயர் தாங்கிய நகரத்தை அவர் முழுதாகப் பார்க்கவில்லை.

சபை 1798 வரை ஆண்டது. நெப்போலியன் வந்து துரத்தினார். இரண்டே ஆண்டில் பிரிட்டிஷார் வந்தார்கள். 1964-இல் விடுதலை, 1974-இல் குடியரசு, 1979-இல் கடைசி பிரிட்டிஷ் படை வெளியேறியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது 2004-இல், யூரோ வந்தது 2008-இல்.

2. மாதமும் நாளும்

ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரை, பிறகு செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். இந்த இரண்டு பருவத்துக்குள் பயணத்தை அமைக்க முடிந்தால் நல்லது. ஜூலை, ஆகஸ்ட்டில் வெப்பநிலை சென்னை அளவுக்குப் போகாது. ஆனாலும் மஞ்சள் கல் வெயிலை அப்படியே முகத்தில் திருப்பி அடிக்கும், தெருவில் மரமும் கிடையாது. நம் ஊர் வெயில் பழகிய துணிச்சலில் மதியச் சுற்றுலாவுக்குப் பதிவு செய்ய வேண்டாம். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை வரும். கூட்டம் குறைவு, அறைவாடகையும் இறங்கும். பிப்ரவரி 10 அன்று புனித பவுல் கப்பல் விபத்துக்குள்ளான நினைவுத் திருவிழா. அந்த நாளில் ஊரைப் பார்க்கலாம், கைடு சொல்வது காதில் விழாது.

மாதத்தைவிட முக்கியம், கிழமை. ஊரின் உயிரான புனித யோவான் இணைப் பேராலயம் ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாப் பயணிகளுக்குத் திறப்பதில்லை. திருநாட்களிலும் அப்படியே. ஞாயிறு நடத்தப்படும் நடைச்சுற்றுலா என்றால் பேராலயத்தின் கதவைக் காட்டிவிட்டுப் போவார்கள் என்று பொருள். மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது கப்பல். பெருந்துறைமுகத்தில் ஒரே காலையில் இரண்டு சொகுசுக் கப்பல்கள் வந்து நின்றால், சில ஆயிரம் பேர் ஒரு கிலோமீட்டர் ஊருக்குள் இறங்குவார்கள். கப்பல் வரும் நாட்களின் அட்டவணை இணையத்தில் கிடைக்கும். விமானச்சீட்டு எடுத்தபின்னும் இதைப் பார்த்து, கப்பல் இல்லாத நாளையோ ஒரே ஒரு கப்பல் வரும் நாளையோ வலெட்டாவுக்கு வைத்து, மற்ற நாளில் பழைய தலைநகர் ம்தீனாவுக்கோ கோசோ தீவுக்கோ போய்விடுங்கள். பலரும் செய்யாத வேலை இது. ஐந்து நிமிடம்தான் ஆகும்.

விசா பற்றி நீட்ட வேண்டியதில்லை. மால்டா ஷெங்கன் பகுதியில் இருப்பதால் இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். மின்செருகி பிரிட்டிஷ் முறையில் மூன்று கட்டைமுனை கொண்டது, வண்டிகள் இடப்பக்கம் ஓடும்.

3. எந்தச் சுற்றுலாவை எடுப்பது

வலெட்டாவில் நடைச்சுற்றுலா பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது, கட்டணமில்லை என்று சொல்லிக் கடைசியில் அன்பளிப்பு எதிர்பார்ப்பது. இரண்டாவது, பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காத சிறு குழு. மூன்றாவது, உங்கள் குடும்பத்துக்கு மட்டும் தனியாக ஒரு கைடு.

கட்டணமில்லாச் சுற்றுலா மோசம் என்று சொல்ல மாட்டேன். இளம் கைடுகள் சுவையாகவே பேசுகிறார்கள். ஆனால் கூட்டம் எவ்வளவு சேருமோ தெரியாது, கட்டணமுள்ள எந்த இடத்துக்குள்ளும் போக மாட்டார்கள். வெளியே ஒன்றும் காட்டாத ஊரில் வெளியே மட்டும் சுற்றுவதில் என்ன இருக்கிறது? நான்கு பேருக்கு மேல் போகும் குடும்பமென்றால் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆளுக்கு இவ்வளவு என்று சிறு குழுவுக்குக் கொடுக்கும் தொகையும், தனிக் கைடுக்கு மொத்தமாகக் கொடுப்பதும் பல நேரம் நெருங்கி வரும். தனியாள் என்றால் சிறு குழுதான் நல்லது. முன்பின் தெரியாத பத்துப் பேரில் யாராவது ஒருவர் நாம் கேட்க நினைத்ததைக் கேட்டுவிடுவார்.

சிறு குழு என்று விளம்பரத்தில் எழுதுவது எளிது. பதிவு செய்யும் முன் மின்னஞ்சலில் இவற்றைக் கேட்டு, எழுத்தில் விடை வாங்குங்கள்.

அதிகபட்சம் எத்தனை பேர்? பன்னிரண்டு வரை நல்லது, பதினைந்து தாங்கும். இருபதுக்கு மேல் போனால் ஸ்ட்ரெயிட் தெரு என்ற குறுகிய சந்தில் பாதிப்பேர் அடுத்த கட்டடத்தின் முன்தான் நிற்பார்கள். பேராலயத்தின் பக்கச் சிற்றாலயங்களில் ஒரே நேரத்தில் ஐந்தாறு பேர்தான் நெருங்கிப் பார்க்க முடியும்.

பேராலயத்துக்குள் கைடும் கூட வருவாரா, நுழைவுச்சீட்டு கட்டணத்தில் சேர்ந்ததா? இதுதான் தலையாய கேள்வி. சில சுற்றுலாக்கள் பேராலய வாசலில் முடிந்துவிடும். உள்ளே ஒலிக்கருவி கொடுப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். நுழைவுச்சீட்டு பெரியவர்களுக்கு 15 யூரோ அளவில் இருக்கிறது. விலை ஒப்பிடும்போது இதைக் கூட்டியோ கழித்தோ பாருங்கள், எது மலிவு என்பது தலைகீழாக மாறும்.

கைடு உரிமம் பெற்றவரா? மால்டாவில் சுற்றுலா வழிகாட்டிக்கு அரசு சுற்றுலா ஆணையத்தின் உரிமம் தேவை. உரிமம் உள்ளவர் அடையாள வில்லையை அணிந்திருப்பார். அதைப் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்குங்கள்.

எத்தனை மணி நேரம்? இரண்டரை முதல் மூன்று மணி நேரம் சரியான அளவு. ஒன்றரை மணி நேரத்தில் பேராலயத்தையும் நகரத்தையும் முடிப்பதாகச் சொன்னால் பேராலயத்தில் இருபது நிமிடம்தான். அரைநாளில் வலெட்டா, ம்தீனா, மோஸ்தா, படகுச்சவாரி என்று அடுக்கினால் பேருந்து இருக்கைதான் அதிகம் பார்க்கக் கிடைக்கும்.

படிகள் எவ்வளவு? வயதான பெற்றோருடன் போகிறவர்கள் இதை வெட்கப்படாமல் கேட்க வேண்டும். குன்றின் தலையைச் செதுக்கி மட்டமாக்குவதாக இருந்தது. ஒட்டோமான் படை திரும்பிவிடுமோ என்ற அவசரத்தில் அதைப் பாதியில் கைவிட்டார்கள். அந்தப் பதினாறாம் நூற்றாண்டு அவசரத்தின் விலையை இன்று நம் முழங்கால்கள் கொடுக்கின்றன. குன்றின் முதுகில் ஓடும் ரிபப்ளிக் தெருவும் மெர்ச்சன்ட்ஸ் தெருவும் முதல் பாதியில் ஏறக்குறைய சமம். பக்கவாட்டில் கடலை நோக்கி இறங்குபவைதான் படிக்கட்டுத் தெருக்கள். படி குறைவான வழியில் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டால் நல்ல கைடு உடனே மாற்றுவழி சொல்வார். சொல்லாதவரை விட்டுவிடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை காலைச் சுற்றுலாவைத்தான் எடுப்பேன். ஒன்பது, ஒன்பதரைக்குத் தொடங்கி நேராகப் பேராலயம் போகும் குழு கிடைத்தால் யோசிக்காமல் பதிவு செய்யுங்கள். கப்பல் கூட்டம் வருவதற்குள் அங்கே கரவாஜ்ஜோ ஓவியம் உள்ள அறையில் நின்றுவிடலாம்.

4. உடையும் பையும்

பேராலயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புடவை, சல்வார், முழுக்கால் சட்டை எல்லாம் சரி. கூர்முனைக் குதிகால் செருப்பு கட்டாயம் கூடாது; தரையில் இருப்பவை பளிங்குக் கல்லறைகள், அந்த முனை கல்லைக் குத்திக் கெடுத்துவிடும். தெருவிலும் அது உதவாது. பல ஆண்டுகள் கால்பட்டுத் தேய்ந்த சுண்ணாம்புக்கல் மழைத்தூறலில் எண்ணெய் தடவியது போல வழுக்கும். ரப்பர் அடியுள்ள காலணி போதும், மலையேறும் காலணி வேண்டாம். பெரிய முதுகுப்பையை அறையிலேயே வைத்துவிடுங்கள். தொப்பி, தண்ணீர், கொஞ்சம் சில்லறை யூரோ.

5. நடக்கும் நாள்: நிறுத்தம் நிறுத்தமாக

பெரும்பாலான குழுக்கள் ஊருக்கு வெளியே ட்ரைட்டன் நீரூற்றில் கூடும். 1959-இல் அமைந்தது. பேருந்துகள் எல்லாம் இதன் அருகில்தான் வந்து நிற்கும். விமான நிலையத்திலிருந்தும் இங்கே நேரடிப் பேருந்து உண்டு. பத்து நிமிடம் முன்னால் போய்விடுங்கள். அந்த நேரத்தில் நகரவாசல் பாலத்தில் நின்று கீழே எட்டிப் பாருங்கள். பாறையைக் குடைந்து வெட்டிய பெரும் அகழி தெரியும். ஊரை நிலப்பக்கத்திலிருந்து துண்டிக்க வெட்டினார்கள். வெட்டிய கல்லையே ஊர் கட்ட எடுத்துக்கொண்டார்கள். வலெட்டா ஓர் ஊர் என்பதைவிட மக்கள் குடியிருக்கும் ஒரு கோட்டை என்பதைக் கைடு எப்படி விளக்குகிறார் என்று இந்த இடத்தில் கவனித்தால், அடுத்த மூன்று மணி நேரம் எப்படிப் போகும் என்று ஊகித்துவிடலாம்.

வாசலைத் தாண்டியதும் இருக்கும் நாடாளுமன்றக் கட்டடம் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்ஸோ பியானோவுடையது, 2015-இல் முடிந்தது. வெயிலை மட்டுப்படுத்தக் கல்லைத் துளைத்துளையாகச் செதுக்கியிருக்கிறார்கள். பாலாடைக்கட்டித் துருவி என்று உள்ளூரில் கேலி செய்தவர்கள் உண்டு. அதன் பக்கத்தில் தூண்கள் மட்டும் நிற்கும் இடம் பழைய அரச இசைநாடக அரங்கு. இரண்டாம் உலகப்போரில், 1942 ஏப்ரலில், குண்டுவீச்சில் இடிந்தது. திரும்பக் கட்டலாமா வேண்டாமா என்று பல பத்தாண்டுகள் சண்டை போட்டு, கடைசியில் இடிபாட்டுக்குள்ளேயே திறந்தவெளி மேடை அமைத்தார்கள். இந்தச் சண்டையைப் பற்றிக் கைடிடம் சொந்தக் கருத்தைக் கேளுங்கள். மனப்பாடப் பேச்சு நின்று உண்மையான பேச்சு அங்கேதான் தொடங்கும்.

பேராலயம்

இங்கே ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தால் சுற்றுலாவே வீண். கசார் 1570-களில் கட்டிய முகப்பு, இரண்டு மணிக்கூண்டுகளோடு படைக்கொட்டில் போல நிற்கும். கதவைத் தாண்டியதும் கண் கூசும். மேற்கூரை முழுவதும் மத்தியா பிரெத்தி 1660-களில் எண்ணெய் வண்ணத்தை நேராகக் கல்மேல் பூசி வரைந்தது. சுவர்களின் செதுக்குவேலையிலும் அவர் கை இருக்கிறது. ஓரிடத்தில் நின்று தலையைத் தூக்கிப் பார்த்து, வரைந்த உருவங்களில் எது புடைப்புச் சிற்பம், எது வெறும் நிழல் தீட்டிய ஏமாற்று என்று கைடிடம் காட்டச் சொல்லுங்கள்.

பிறகு தலையைக் குனியுங்கள். தரை முழுக்க ஏறக்குறைய 400 வீரத்துறவிகளின் கல்லறைப் பலகைகள். எலும்புக்கூடு, மணற்கடிகாரம், கொடி, பீரங்கி என்று பல வண்ணப் பளிங்கை இழைத்த வேலைப்பாடு. ஐரோப்பாவில் இதற்கு இணையான தரையைச் சொல்வது கடினம். இருபுறமும் உள்ள சிற்றாலயங்கள் சபையின் மொழிப்பிரிவுகளுக்கு உரியவை: புரோவென்ஸ், ஓவெர்ன், பிரான்ஸ், இத்தாலி, அரகோன், காஸ்தீல் என்று ஒவ்வொன்றும் மற்றதை மிஞ்சப் போட்டி போட்டு அலங்கரித்தது. அரகோன் சிற்றாலயத்தில் நிக்கொலாஸ் கோத்தோனர் என்ற கிராண்ட் மாஸ்டரின் நினைவுச்சின்னத்தைத் தாங்கி நிற்கும் இரண்டு உருவங்களைப் பாருங்கள்: ஒருவர் ஆப்பிரிக்கர், ஒருவர் ஆசியர், இருவரும் அடிமைகள். சபையின் கப்பல்களைத் துடுப்பிட்டு ஓட்டியவர்கள் அடிமைகள்தான். வலெட்டா அந்நாளில் மத்தியதரைக்கடலின் அடிமைச் சந்தைகளில் ஒன்று. பல கைடுகள் இதை மெல்லத் தாண்டிப் போய்விடுவார்கள். கேட்டால் சொல்வார்கள், ஆகவே கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், ஓரமாக உள்ள ஓவிய அறை. இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் ‘திருமுழுக்கு யோவானின் தலைவெட்டு’, 1608. ஏறக்குறைய 5 மீட்டர் அகலம், 3.5 மீட்டருக்கும் மேல் உயரம். அவர் வரைந்தவற்றில் மிகப் பெரியதும், கையெழுத்திட்ட ஒரே ஓவியமும் இதுதான். கையெழுத்து எங்கே என்று தேடுங்கள். யோவானின் கழுத்திலிருந்து வழியும் குருதியில் எழுதியிருக்கிறார்.

கதை இதோடு நிற்கவில்லை. 1606-இல் ரோமில் ஒருவரைக் கொன்றுவிட்டு ஓடியவர் கரவாஜ்ஜோ. 1607-இல் மால்டா வந்து, ஓவியத் திறமையால் 1608 ஜூலையில் சபையில் வீரத்துறவியாகவே சேர்த்துக்கொள்ளப்பட்டார். சில வாரங்களில் மறுபடி ஒரு அடிதடி. எதிர்க்கரையில் உள்ள புனித ஆஞ்சலோ கோட்டையில் அடைத்தார்கள். அங்கிருந்து தப்பி சிசிலிக்குப் போய்விட்டார். அந்த டிசம்பர் 1 அன்று சபை கூடி, அழுகி நாறும் உறுப்பை வெட்டி எறிவது போல அவரை நீக்குவதாகத் தீர்மானித்தது. கூடிய இடம் இதே அறை. அவர் இல்லாமல் அவர் ஓவியத்தின் முன் அந்தத் தீர்ப்பை வாசித்தார்கள். குழுவோடு இதைக் கேட்டபின் ஐந்து நிமிடம் தனியாக நிற்க நேரம் தரச் சொல்லுங்கள். வலப்பக்கச் சிறைச் சன்னல் வழியே எட்டிப்பார்க்கும் இரண்டு கைதிகள் அப்போதுதான் கண்ணில் படுவார்கள்.

பேராலயத்தில் உள்ள வெள்ளிக் கதவை நெப்போலியனின் ஆட்கள் கண்ணிலிருந்து மறைக்கக் கறுப்புச் சாயம் பூசினார்கள் என்றொரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். செவிவழிக் கதை என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேராலயத்துக்குப் பின்

ரிபப்ளிக் சதுக்கத்தில் நூலகத்தின் முன் மால்டாச் சரிகைத் துணி போர்த்திய விக்டோரியா மகாராணி சிலை இருக்கிறது. கிராண்ட் மாஸ்டர் மாளிகையும் பக்கத்தில்தான். அதன் ஆயுதசாலை தனியாகப் பார்க்க வேண்டியது, சுற்றுலாவில் சேர்த்து ஓட வேண்டாம்.

ஸ்ட்ரெயிட் தெருவில் கைடு பேசத்தான் வேண்டும், ஏனென்றால் பார்க்க அங்கே சந்து மட்டுமே இருக்கிறது. கைகளை விரித்தால் இருபக்கச் சுவரும் அகப்பட்டுவிடும் போன்ற குறுகல். சபையில் வாட்போட்டி தடை. ஆனால் சந்து இவ்வளவு ஒடுங்கியதால் தற்செயலாக இடித்துக்கொண்டோம் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்பதால் துறவிகள் இங்கே வந்து வாள் வீசினார்களாம். பிரிட்டிஷ் காலத்தில் இது கடற்படை மாலுமிகளின் மதுக்கூடத் தெரு. ஜாஸ், சண்டை, விலைமாதர். படை 1979-இல் போனதும் தெரு அடங்கியது. மங்கிப்போன சில பழைய பெயர்ப்பலகைகள் இன்னும் தொங்குகின்றன.

மனோயல் அரங்கு 1732-இல் திறந்தது, இன்றும் நாடகம் நடக்கிறது. உள்ளே போக நேரமிருந்தால் போங்கள். அதைவிட எனக்குப் பிடித்தது, கைடு அழைத்துப்போகாமல் விடும் மந்திராஜோ பகுதி. போர்க்கப்பல்களை ஒதுக்கி நிறுத்தப் பாறையைக் குடைந்து உள்துறைமுகம் வெட்டத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்ட பள்ளம். பிறகு அதற்குள் ஏழைகள் வீடு கட்டிக்கொண்டு, ஊரின் மிக நெருக்கமான சேரியாக இருந்தது. துறவிகள் ஆண்ட ஊரின் மறுபக்கம் தெரிய வேண்டுமானால் இந்தப் பக்கம் ஒரு நடை திரும்பச் சொல்லிப் பாருங்கள்.

போகும் வழியில் தெருமுனைச் சிலைகளைக் கவனியுங்கள். முனைவீடு கட்டுகிறவர் அந்த முனையை அழகுபடுத்த வேண்டும் என்பது அந்நாள் கட்டட விதி. ஒவ்வொரு வீட்டுக்கும் நிலத்தடியில் மழைநீர்த் தொட்டி வேண்டும் என்பதும் விதி. ஆறே இல்லாத தீவில் முற்றுகை வந்தால் அதுதான் உயிர்.

நல்ல குழுக்கள் பன்னிரண்டு மணிக்குள் மேல் பராக்கா தோட்டத்துக்கு வந்துவிடும். மதியம் சரியாகப் பன்னிரண்டுக்குக் கீழ்த்தளத்தில் பீரங்கி வெடிக்கும். மேலிருந்து பார்க்கக் காசு இல்லை. கால்மணி நேரம் முன்னதாக வந்தால்தான் கைப்பிடிச் சுவரோரம் இடம் கிடைக்கும். எதிரே மூன்று நகரங்கள் என்று அழைக்கப்படும் பழைய ஊர்கள், புனித ஆஞ்சலோ கோட்டை, கரவாஜ்ஜோ தப்பிய நீர்ப்பரப்பு. 1942 ஆகஸ்ட் 15 அன்று, பட்டினியின் விளிம்பில் இருந்த தீவுக்கு ஒஹாயோ என்ற எண்ணெய்க் கப்பல் பாதி மூழ்கிய நிலையில் இந்தத் துறைமுகத்துக்குள்தான் இழுத்து வரப்பட்டது. அதற்கு நான்கு மாதம் முன் பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் தீவு முழுவதற்கும் ஜார்ஜ் கிராஸ் என்ற வீர விருதைக் கொடுத்திருந்தார். அந்தச் சிலுவை இன்றும் மால்டாக் கொடியில் இருக்கிறது.

சுற்றுலா இங்கே முடிந்தால் நல்லது. கைடுக்கு அன்பளிப்பு கட்டாயமில்லை; கட்டணச் சுற்றுலாவில் நன்றாக இருந்தால் ஐந்து யூரோ கொடுப்பது மரியாதை. கட்டணமில்லாச் சுற்றுலாவில் அதுவே அவர் கூலி, பத்துக்குக் குறைக்காதீர்கள்.

6. சாப்பாடு

சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பஸ்தித்ஸி என்ற மடிப்பு மடிப்பான பலகாரம் இரண்டு பூரணத்தில் வரும்: ரிக்கோட்டா பாலாடைக்கட்டி, அல்லது மசித்த பட்டாணி. தெருக்கடையில் ஒரு யூரோவை ஒட்டித்தான் விலை. பழைய முறையில் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு என்பதால் கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஃப்திரா என்ற வட்ட ரொட்டியில் தக்காளி, ஆலிவ், கேப்பர் வைத்துத் தருவார்கள். சூரைமீன் வேண்டாம் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். பேரீச்சம்பழப் பூரணம் வைத்துப் பொரித்த இம்ஆரெத்தைச் சூடாக மட்டுமே சாப்பிடுங்கள். அசைவக்காரர்களுக்கு ஒயினில் வெந்த முயல்கறி. கின்னி என்ற கசப்பு ஆரஞ்சுப் பானத்தை ஒரு தடவை குடித்துப் பார்க்கலாம். இரண்டாவது தடவை உங்கள் விருப்பம்.

7. மதியத்துக்குப் பின், கைடு இல்லாமல்

தோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் 58 மீட்டர் உயர லிஃப்டில் கீழே இறங்கினால் துறைமுகக் கரை. அங்கிருந்து மூன்று நகரங்களுக்குப் படகு போகும். வழக்கமான பயணிகள் படகும் உண்டு, ஜைசா என்ற பழைய மரப்படகும் உண்டு. இரண்டும் சில யூரோதான். மரப்படகில் ஏறும் முன் விலையைப் பேசிவிடுங்கள். அக்கரையில் இறங்கி, மூன்று நகரங்களில் ஒன்றான பிர்குவின் சந்துகளில் நடப்பதற்கு யாருடைய விளக்கமும் வேண்டாம். வலெட்டா கட்டும் முன் துறவிகள் இருந்த ஊர் அது. தெருக்கள் கோடு போட்டவை அல்ல, இடத்துக்கு ஏற்ப வளைந்தவை. வலெட்டாவின் வடிவம் எவ்வளவு திட்டமிட்டது என்பது இங்கே நடந்தபின்தான் உறைக்கும்.

படகு வேண்டாம், கால் இன்னும் தாங்கும் என்றால் ரிபப்ளிக் தெருவின் கடைசியில் உள்ள புனித எல்மோ கோட்டையும் அதன் போர் அருங்காட்சியகமும். 1942-இல் கொடுத்த அந்த ஜார்ஜ் கிராஸ் இங்கே இருக்கிறது. போகிற வழியில் புனித மருத்துவமனை: 155 மீட்டர் நீளக் கூடத்தில் நோயாளிகளுக்கு வெள்ளித்தட்டில் உணவு பரிமாறிய இடம். இப்போது மாநாட்டு மையம் என்பதால் நிகழ்ச்சி இல்லாத நாளில்தான் பார்க்க முடியும்.

மழை வந்தாலோ வெயில் அடித்தாலோ தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் போய்விடுங்கள். புரோவென்ஸ் துறவிகளின் பழைய விடுதி அது. ‘உறங்கும் பெண்’ என்ற சிறு சுடுமண் சிலை, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுதான், தனி அறையில் வைத்திருக்கிறார்கள். அது கிடைத்த இடம் பவோலா என்ற ஊரில் உள்ள ஹல் சஃப்லியேனி நிலத்தடிக் கல்லறைக்கூடம். ஐயாயிரம் ஆண்டுக்கும் முந்தையது. மூச்சின் ஈரத்தில் சுவர்ச் சாயம் கெடும் என்பதால் ஒரு தடவைக்கு 10 பேர், நாளுக்கு 80 பேர் என்று மட்டுமே விடுகிறார்கள். மால்டாவின் மிகக் கண்டிப்பான சிறு குழுச் சுற்றுலா அதுதான். சீட்டு பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். ஆகவே விசா வந்த அன்றைக்கே முதலில் அதைப் பதிவு செய்து, கிடைத்த நாளையும் நேரத்தையும் ஒட்டி வலெட்டா நாளை வகுத்துக்கொள்ளுங்கள்.